செங்கல்பொடி பட்ட அஞ்சறைப்பெட்டி

கண்ணு,

நாங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். நீயும் நன்றாகத்தான் இருக்கிறாய் என்பது போன வாரம் போனில் நீ மருமகளோடு மல்லுக்கட்டிய குரலிலேயே தெரிந்துவிட்டது. பள்ளிவாசல் மலையூர்க் குளிரில் புதுசாக ஒரு வீடு எடுத்து, புருஷனும் பெண்டாட்டியும் மிக்சி மூடிக்காகச் சண்டை போடுகிற அளவுக்கு வந்துவிட்டீர்கள் என்றால் குடித்தனம் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். மூடி மங்கிப்போய் உள்ளே சட்னி அரைகிறதா சாணி அரைகிறதா என்று தெரியவில்லை, ஜூஸ் ஜாடியும் பருப்பு டப்பாக்களும் அதே கதி, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம் என்பது உன் கட்சி. சீராக வந்த சாமானைக் கல்யாணமான சூட்டோடு தூக்கிப் போடுவதா என்பது அவள் கட்சி. என்னை நடுவில் இழுத்தாய். நான் "அப்புறம் சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. பதில் கொஞ்சம் நீளம். அதில் உன் மாமாவும் வருகிறார். அவர் ஏன் நம் வீட்டில் இத்தனை வருஷமாக ஒரு வாய்ச் சோறு சாப்பிட்டதில்லை என்பதும் வருகிறது. இதையெல்லாம் போனில் சொன்னால் நீ பாதியில் "சரிப்பா, சரிப்பா" என்பாய். காகிதத்திடம் அந்தப் பேச்சு செல்லாது.

முதலில் உன் சாமான். எதையும் இப்போதைக்குக் குப்பையில் போடாதே. மங்கல் இரண்டு வகை. ஒன்று, மேலே படிந்தது, இன்னொன்று, கீறல். நம் ஊர் போர் தண்ணீரில் கழுவினால் கண்ணாடி பிளாஸ்டிக் எல்லாம் உப்புப் படிந்து வெளுத்துப்போகும், அதற்குக் கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்தால் போதும். உன் ஊர் மலைத்தண்ணீரில் அந்தத் தொல்லை இருக்காது. அதனால் உன்னுடையது எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும், இல்லாவிட்டால் கம்பி நாரால் தேய்த்த கீறலாக இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டு மெல்லிய துணியால் கழுவிப் பார். கொதிக்கிற தண்ணீரை ஊற்றிவிடாதே, மூடி கோணிக்கொள்ளும். அப்புறமும் மங்கலாக இருந்தால் நகத்தை வைத்து இழுத்துப் பார். நகம் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு போனால் லேசான கீறல்தான். வெள்ளைப் பேஸ்ட்டைப் பழைய பனியன் துணியில் தொட்டு, மேல்பக்கத்தை மட்டும் நிதானமாகத் தேய்த்துக் கழுவு. ஜெல் பேஸ்ட் பல்லுக்கே சரியில்லை, இதற்கும் உதவாது. சாமான் உள்பக்கத்தில் கைவைக்காதே. அங்கே நுண்ணிய கோடு விழுந்தால் அழுக்கு போய் உட்கார்ந்துகொள்ளும். மிக்சி மூடியில் விரிசல் விட்டிருந்தால் மட்டும் உன் கட்சியே ஜெயித்தது, தூக்கிப் போட்டுவிடு. சூடான குழம்பு தெறிக்கிற இடத்தில் ஒட்டு வேலை கூடாது.

ஆயுள் முழுக்கக் கொழிஞ்சாம்பாறை பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தவனுக்கு இந்த வித்தை எல்லாம் எப்படித் தெரியும் என்று நீ சிரிப்பது எனக்குக் கேட்கிறது. உன் கல்யாணம் முடிந்து வீடு வெறிச்சென்று போன பிறகு கற்றுக்கொண்டேன். எதற்காகக் கற்றுக்கொண்டேன் என்பதுதான் விஷயம்.

உன் மாமா உன் அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஒரே அண்ணன். அப்பா இல்லாத வீட்டில் அவர்தான் அவளுக்கு அப்பா. நம் வீட்டு விசேஷம் எதற்கும் அவர் வராமல் இருந்ததில்லை. உனக்குக் காது குத்தியது அவர் மடியில். உனக்கு டைபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு உட்கார்ந்திருந்தது அவர்தான். ஆனால் வீட்டுக்கு வந்தால் வாசல் நாற்காலியின் விளிம்பில் உட்காருவார், கொண்டுவந்ததைக் கொடுப்பார், இலை போடுகிற நேரம் பார்த்து எழுந்துவிடுவார். "வகுறு சரியில்ல அம்மிணி, ஒரு டம்ளர் தண்ணி குடு போதும்" என்பார். உன் அம்மாவும் "ஒரு வாய் சாப்புட்டுட்டுப் போங்கண்ணா" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டுச் செருப்பை மாட்டுவார். மாமாவுக்கு அல்சர் என்றே நீ நம்பி வளர்ந்தாய். உன் கல்யாண மண்டபத்தில் அவர் பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை நான் தூரத்திலிருந்து பார்த்தேன். மண்டபத்தில் சரியாக இருக்கிற வயிறு நம் வீட்டு வாசலில் மட்டும் கெட்டுப்போகிறது என்றால் அதற்கு மருந்து ஆஸ்பத்திரியில் இல்லை. இது எனக்கும் தெரியும், உன் அம்மாவுக்கும் தெரியும். வெளியில் பேசிக்கொண்டதில்லை, அவ்வளவுதான்.

எங்கள் தலைப்பொங்கலில்தான் இது ஆரம்பித்தது. அவர் சீர் கொண்டு வந்திருக்கிறார், கரும்பு, புதுத்துணி, மஞ்சள்கொத்து எல்லாம். சமையல் தயாராக இருந்திருக்கிறது. அவர் பின்வாசலில், மாட்டுக்கொட்டகைப் பக்கம் கை கழுவப் போனவர், திரும்பி வந்து, வயிறு சரியில்லை என்று சொல்லி அப்படியே கிளம்பிவிட்டார். நான் அன்றைக்கு பஸ்ஸில் இருந்தேன். பொங்கல் கூட்டத்தில் கண்டக்டருக்கு ஏது லீவு. சாயங்காலம் வந்து கேட்டேன். "என்னமோ தெரியல, விடுங்க" என்றாள் உன் அம்மா. என் பக்கத்து ஆட்கள் யாரோ சரியாக 'வாங்க' என்று சொல்லவில்லை போலிருக்கிறது என்று நானாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். சீட்டுக்குச் சண்டை போடுகிறவர்களைத் தினமும் பார்த்துப் பழகியவன், இதுவும் தானாக இறங்கிப் போய்விடும் என்று நினைத்தேன். இறங்கவில்லை.

இப்போது போன மாதத்துக்கு வா. உன் அம்மா பரண்மேல் இருந்த சாமானை எல்லாம் இறக்கச் சொன்னாள். சாக்குக்குள் துணி சுற்றி ஒரு பெட்டி. துணியை அவிழ்த்தால், பால் உறைந்த மாதிரி வெளுத்துப்போன ஒரு பிளாஸ்டிக் அஞ்சறைப்பெட்டி. ஒரு மூலை பெயர்ந்திருந்தது. "இதென்ன?" என்று கேட்டேன். கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். பிறகு அவளே சமையலறைத் தரையில் உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

எங்கள் கல்யாணத்தின்போது மாமா கஞ்சிக்கோட்டில் அக்ரிலிக் தகடு வெட்டுகிற கம்பெனி ஒன்றில் வேலையில் இருந்தார். பித்தளை, சில்வர் என்று ஊர் வழக்கப்படி சீர்ப் பாத்திரம் எல்லாம் வாங்கி வைத்தவர், தங்கச்சிக்குத் தன் கையால் ஒன்று செய்ய வேண்டும் என்று, வெட்டி மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து இந்தப் பெட்டியைச் செய்திருக்கிறார். கடுகு, சீரகம், மிளகு என்று திறக்காமலே தெரிகிற கண்ணாடிப் பெட்டி. சீர் வரிசையில் பித்தளைக் குடங்களுக்கு நடுவில் அது இருந்ததும், பெண்கள் எல்லாம் எடுத்து எடுத்து வெளிச்சத்தில் பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது. அப்புறம் அதை நான் பார்த்ததே இல்லை.

"தலைப்பொங்கலுக்கு முந்துன நாளு சீர்ப் பாத்திரத்தை எல்லாம் எறக்கித் தேச்சனுங்க. புளியும் செங்கப்பொடியும் போட்டு, தேங்கா நாருல. மொதல்ல இந்தப் பொட்டியத்தான் எடுத்தேன். அண்ணன் கையால செஞ்சது, அதுதான் எல்லாத்துக்கும் மேல பளபளன்னு இருக்கோணும்னு. கழுவிப் பாத்தா வெள்ளையா மங்கி நிக்குது. அழுக்குப் போகலையாட்டம்னு மறுக்கா தேச்சேன். இன்னும் வெள்ளையாச்சு. தேய்க்கத் தேய்க்க வெள்ளையாவுது. எனக்கு அழுகை வந்துருச்சு. வெய்யில்ல வெச்சாத் தெளிஞ்சுரும்னு மாட்டுச்சாலைப் பக்கம் கவுத்து வெச்சுட்டேன். அடுத்த நாளும் எடுக்கல. அப்பத்தான் அண்ணன் கை கழுவப் போனாங்க."

"பாத்துட்டாரா?"

"பாக்காமயா. அண்ணன் செஞ்ச சீரைக் கெடுத்துப்போட்டேன்னு ரோசம். என்னன்னு சொல்லுவேன் நான்?"

சரி, நான் போய் மச்சானிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். உன் அம்மா என் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாமுங்க. இப்ப வந்து தண்ணியாவது குடிச்சுட்டுப் போறாங்க. அதையும் கெடுத்துராதீங்க" என்றாள். அறுபதை நெருங்குகிற பெண்பிள்ளை, கண்ணு. அண்ணன் திட்டுவாரோ என்று சின்னப்பிள்ளை மாதிரி பயந்துகொண்டு, அந்த ஒரு டம்ளர் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு இத்தனை காலம் இருந்திருக்கிறாள். எனக்கு அவள் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

சொல்லத்தானே கூடாது, பெட்டியைச் சரிசெய்யலாமே என்று நான் வேலையில் இறங்கினேன். முதலில் பேஸ்ட். இரண்டு ட்யூப் தீர்ந்தது, பெட்டிக்கு நல்ல மணம் வந்தது, அவ்வளவுதான். செங்கல்பொடிக் கீறல் பேஸ்ட்டுக்கு மசியாது. அப்புறம் துணி ஒட்டியிருந்த பிசினை எடுக்க, கொரோனா காலத்தில் வாங்கி மிஞ்சிய சானிடைசரைத் தொட்டுத் துடைத்தேன். துடைத்த ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி விரிசல் ஓடியது. இந்தச் சாமானுக்கு ஸ்பிரிட் ஆகாது என்பதை அப்படிக் கற்றுக்கொண்டேன், நீ எழுத்தில் படித்தே கற்றுக்கொள். பெயின்ட் கடையில் வாட்டர் பேப்பர் கிடைக்கும், தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள். சொரசொரப்பானதில் ஆரம்பித்து, படிப்படியாக வழவழப்பானதுக்குப் போக வேண்டும். ஒரு தாளை நெடுக்காகத் தேய்த்தால் அடுத்ததைக் குறுக்காகத் தேய்க்க வேண்டும். முந்தின கோடு முழுக்க மறைந்தால்தான் அடுத்த தாள். இதில் ஒரு கட்டம் வரும், கண்ணு. முதல் தாள் தேய்த்து முடித்ததும் சாமான் முன்னைவிட மோசமாகிவிடும். பழைய மங்கலே தேவலை என்று ஆகிவிடும். அப்போது விட்டுவிட்டு எழுந்துவிடக் கூடாது. கடைசித் தாளும் முடித்து, காருக்குப் போடுகிற பாலிஷைத் துணியில் தொட்டுத் தேய்த்தபோது, மூடியின் நடுவில் ஒரு காசு அகலத்துக்கு வெளிச்சம் திறந்தது. அதன் வழியாக என் கட்டைவிரல் ரேகை தெரிந்தது. கத்திக் கூப்பிட்டேன். உன் அம்மா ஓடிவந்து பார்த்துவிட்டு, முந்தானையால் அந்த இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

மூடியும் மூன்று பக்கமும் தெளிந்துவிட்டன. பெயர்ந்த மூலையும் நான் விட்ட விரிசலும் என் கைக்கு மீறியவை. அதை ஒட்டத் தெரிந்த ஆள் ஒருவர்தான். உன் அம்மாவிடம் கேட்டேன். பையை மட்டும் எடுத்துக் கொடுத்தாள்.

கஞ்சிக்கோட்டில் மாமாவின் நேம்போர்டு கடை உனக்குத் தெரியும்தானே. மலையாளம், இந்தி, தமிழ் என்று மூன்று பாஷையில் போர்டு தொங்கும். "வாங்க மாப்ள" என்று வாய் நிறையக் கூப்பிட்டவர், நான் பையிலிருந்து பெட்டியை எடுத்து வைத்ததும் கையிலிருந்த தகட்டை ஓரமாக வைத்தார். பெட்டியைத் தொடவில்லை.

"இன்னும் வெச்சிருக்கீங்களா இதை?"

"மூலை பேந்துருச்சுங்க மச்சான். ஒட்டித் தரோணும்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு எடுத்தார். நான் தேய்க்காமல் விட்ட நான்காவது பக்கத்தை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"இது கோழி கீச்சுனது இல்லீங்களே."

"எந்தக் கோழி?"

"அன்னைக்குக் கெடந்துச்சல்லங்க, மாட்டுச்சாலை ஓரத்துல. கவுத்துப் போட்டு, மேல ஒரு கோழி நின்னுட்டிருந்துச்சு. பித்தளையெல்லாம் ஊட்டுக்குள்ள அடுக்கி வெச்சிருந்தாங்க. நாஞ் செஞ்சது மட்டும் வெளிய. பிளாஸ்டிக்குன்னு எளக்காரமா வீசிட்டாங்கன்னு இருந்தனுங்க." அவர் பெட்டியை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனார். "இது கையில தேச்சதுங்க. வட்ட வட்டமா, ஒரு எடம் விடாமத் தேச்சிருக்கறா. என்ன போட்டா?"

"புளியும் செங்கப்பொடியும்."

"பித்தளையோடயா?"

"பித்தளைக்கு முன்னாடி இதைத்தான் எடுத்தாளாம் மச்சான். அண்ணன் செஞ்சது எல்லாத்துக்கும் மேல மின்னோணும்னு."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கடைக்கு வந்த ஒரு ஆள் இந்தியில் ஏதோ கேட்டான், கையை அசைத்துப் பிறகு வரச் சொன்னார். "பைத்தியக்காரப் புள்ள" என்றார். "வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமல்லங்க" என்றார். நீங்களும் வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். ஒட்டுகிற மருந்தை ஊசிக்குழாயில் எடுத்தார், மறுபடியும் கீழே வைத்தார். "இப்பக் கை நிக்காதுங்க மாப்ள. பொட்டி இங்கயே இருக்கட்டும். ஞாயித்துக்கெழமை நானே கொண்டாறேன். தங்கச்சிகிட்ட ஒண்ணும் சொல்லிக்காதீங்க."

நானும் சொல்லவில்லை. மச்சான் வாங்கி வைத்துக்கொண்டார் என்று மட்டும் சொன்னேன். அதற்கே உன் அம்மா அடுத்த நாலு நாளும் சரியாகத் தூங்கவில்லை. கோபமாக இருந்தாரா, முகம் எப்படி இருந்தது, பெட்டியை என்ன செய்தார் என்று சமையலறையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு தப்பித்தேன்.

இன்றைக்கு ஞாயிறு. மத்தியானம் நெருங்குகிற நேரத்தில் பைக் சத்தம் கேட்டது. உன் அம்மா வழக்கம்போல் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். மாமா பையை அவள் கையில் கொடுத்தார். செருப்பைக் கழற்றினார். வாசல் நாற்காலியைத் தாண்டி நேரே உள்ளே வந்தார்.

"அம்மிணி, பசிக்குது. எலை போடு" என்றார்.

உன் அம்மா ஒரு கையில் சொம்பும் ஒரு கையில் பையுமாக அப்படியே நின்றாள். "ஒண்ணும் செய்யலீங்களேண்ணா, பச்சப்பயிறு கடைஞ்சு ரசந்தான் வெச்சிருக்கறேன்" என்றாள். "அது போதும்" என்றார். நான்தான் தோட்டத்துக்கு ஓடி இலை நறுக்கிக்கொண்டு வந்தேன். அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். அவள் கரண்டியைக் கீழே வைக்காமல் பரிமாறிக்கொண்டே இருந்தாள். ரசத்துக்குச் சோறு வாங்கும்போது அவர் நிமிர்ந்து, "இனிமே செங்கப்பொடி போட்டுத் தேச்சுறாத, என்ன?" என்றார். உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள், சொல்லிவிட்டேன் என்று தெரிந்துபோயிற்று. அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். மாமா இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மோர் கேட்டார். நானும் அழுதேன், மறைப்பானேன்.

ஆளையும் சாமானையும் ஒன்றாக வைத்து, உறவையும் இப்படித் தேய்த்தால் தெளிந்துவிடும் என்று உனக்கு எழுத மாட்டேன். உப்புத்தாளில் தெளியப் பெட்டிக்கு நாலு நாள் போதும். உன் அம்மாவின் அந்த வருஷங்களைத் தெளிய வைக்க எந்தக் கடையிலும் தாள் இல்லை. உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். உன் மிக்சி மூடியைக் கம்பி நாரால் தேய்த்தது மருமகளாகத்தான் இருக்கும். சுத்தமாக இருக்க வேண்டும் என்றுதான் தேய்த்திருப்பாள். 'ஏன் இப்படிப் பண்ணினாய்' என்று கேட்டால் யாரும் வாயை மூடிக்கொள்வார்கள். 'எப்படித் தேய்த்தாய்' என்று பக்கத்தில் உட்கார்ந்து கேள், அவளே சொல்வாள். அவளும் உன்னிடம் அப்படியே கேட்கட்டும். உனக்கும் ரோசம் கொஞ்சம் ஜாஸ்தி, அது உன் மாமா பக்கத்துச் சொத்து.

மாமா கூடத்துக் கட்டிலில் படுத்திருக்கிறார். சாப்பிட்ட கையோடு, ரெண்டு நிமிஷம் சாய்ந்துகொள்கிறேன் என்று படுத்தவர், வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறார். உன் அம்மா ஃபேனைக் குறைத்து வைத்துவிட்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வெளியே மீன்காரன் ஹாரன் அடித்தபோது எழுந்து போய் அவனை விரட்டிவிட்டு வந்தாள். நான் பேனாவைக் கீழே வைக்கிற சத்தத்துக்குக்கூட முறைக்கிறாள். நீ போன் பண்ணுவதாக இருந்தால் பொழுது சாய்ந்த பிறகு பண்ணு. அண்ணன் தூங்கட்டும் என்கிறாள்.

அன்புடன்,
அப்பா